ஒன்றரை அங்குலம் இறக்கிய கார்

கார் பற்றி என்னிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. கேட்காமலே சொல்லிவிடுவேன் என்பது மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். புது வண்டி எடுத்தவர்கள் என் வீட்டைத் தாண்டும்போது கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். ஏசி போட்டிருக்கிறார்கள் போல என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொல்லாமல் எப்படி இருப்பது? கத்திரி வெயிலில் தார் உருகுகிற ஊரில் காசு கொடுத்துக் கூரையில் கண்ணாடி வைத்த வண்டி வாங்குகிறார்கள். அப்புறம் அந்தக் கண்ணாடியை மறைக்கத் துணி வாங்கி ஒட்டுகிறார்கள். முன்பு ஏசியைக் கூட்ட ஒரு திருகு இருந்தது. கண் ரோட்டில் இருக்கும், கை அது பாட்டுக்குத் திருகும். இப்போது திரையில் மூன்று இடம் தொட வேண்டியிருக்கிறது, அதற்குள் எதிரே எருமை வந்துவிடுகிறது. இண்டிகேட்டரை, திரும்பி முடித்த செய்தியை ஊருக்கு அறிவிக்கும் கருவி என்றே பலர் நம்புகிறார்கள்.

என் மனைவியின் தம்பி ஆளுயரத்துக்கு ஒரு ஆட்டோமேடிக் வண்டி எடுத்து வந்து, "மாமா, இதுல கிளட்சே கெடையாது, அதுவே எல்லாம் பாத்துக்கும்" என்றான். அப்ப நீ எதுக்குடா உள்ள ஒக்காந்திருக்க என்று கேட்டேன். அன்றிலிருந்து அவனும் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறான்.

என்னுடையது இருபது வயதுப் பெட்ரோல் கார். வளைவில் ரோட்டைக் கவ்விப் பிடிக்க வேண்டும் என்று புதுச்சேரியில் ஒரு பட்டறையில் ஸ்பிரிங் மாற்றி ஒன்றரை அங்குலம் கீழே இறக்கினேன். கடலூரில் வளைவு எங்கே இருக்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை. வேகத்தடை மட்டும் ஏராளமாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நண்டு மாதிரி சாய்ந்து ஏறுவேன். பெரிய தடை என்றால் மனைவி இறங்கி நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்வாள். இருபது வருஷத்தில் இதற்காக அவள் முகம் சுளித்ததில்லை. அதையே நான் ரசனை என்று எடுத்துக்கொண்டேன்.

போன பங்குனியில் அவளுக்குச் சிதம்பரத்தில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே ஏழு வருஷம் எழுதியது. காலை பத்தரைக்கு ஆரம்பம். வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளருக்கு மதியமே ரயில். தவறினால் மறுபடி அவர் தேதி கொடுக்க எத்தனை மாசமாகுமோ. மச்சான் தன் வண்டியில் கொண்டுவிடுவதாகச் சொன்னான். நான் விடவில்லை. பெரிய ரோட்டில் வேலை நடக்கிறது, ஒரே புழுதி, குறிஞ்சிப்பாடி வழியாகப் போய்ப் புவனகிரியில் இறங்கிவிடலாம் என்றேன். உண்மையில் அந்த ரோட்டில் நாலு நல்ல வளைவு உண்டு.

மூன்று வளைவு அருமையாகப் போயிற்று. புவனகிரிக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டின் முழு அகலத்துக்கும் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். அறுவடை சமயத்தில் இந்தப் பக்கம் அதுதான் வழக்கம். செடியைப் பிடுங்கிக் காயவைத்து தார் ரோட்டில் போட்டுவிட்டால், போகிற வருகிற லாரியும் பஸ்ஸும் மிதித்து உளுந்தை உதிர்த்துக் கொடுத்துவிடும். மற்ற வண்டிகள் அதன்மேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தன. ரோடு வண்டிக்கா உளுந்துக்கா என்று ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டே, எஞ்சினுக்கு நோகக் கூடாதே என்று முதல் கியரில் ஊர்ந்தேன். அதுதான் தப்பு. தாழ்ந்த வண்டியின் அடியில் செடி அடைந்து, முன்சக்கர அச்சில் கயிறாகச் சுற்றிக்கொண்டது. பாதியில் வண்டி நின்றது. அப்புறம் வறுத்த உளுந்து வாசனை வந்தது.

"ஏங்க, பொகை," என்றாள் மனைவி. ஆய்வேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

உளுந்துக்குச் சொந்தக்கார அம்மா முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து, குடத்துத் தண்ணீரை அடியில் விசிறி ஊற்றினார். புகை அடங்கியதும் நனைந்த செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரோட்டோடு ஒட்டிப்போற காரை எவன் செஞ்சது என்று கேட்டார். நான்தான் என்று சொல்லவில்லை. கதிர் அரிவாளை நீட்டினார். வாங்கிக்கொண்டு மல்லாந்து உள்ளே புகுந்தேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன்.

அடியிலிருந்து எனக்கு அவர்கள் கால்கள்தான் தெரிந்தன. மணி ஒன்பதே முக்கால் என்றது மனைவியின் குரல். இன்னும் பத்தே நிமிஷம் என்றேன். பரீட்சையா என்று அந்த அம்மா கேட்பதும், ஏழு வருஷம் எழுதினேன் என்று இவள் சொல்வதும் கேட்டது. சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. அரிவாளைப் பிடித்த என் கை அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"ஏறு கண்ணு, நான் கொண்டுபோய் உடுறேன்," என்றார் அந்த அம்மா. அப்புறம் குனிந்து என்னிடம், "ஆடு வந்து மேயாம பாத்துக்குங்க. சும்மா படுத்திருக்காதீங்க," என்றார்.

நான் வெளியே வருவதற்குள் அவருடைய மொபெட் கிளம்பிவிட்டது. பட்டுச்சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் ஆய்வேட்டோடு, என் மனைவி போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

செடியை அறுத்து எடுக்க ஒரு மணி நேரமாயிற்று. வண்டியைச் செடிமேலேயே ஓரம்கட்டிவிட்டு ஆடு விரட்டினேன். செடியைப் புரட்டிப் போட்டேன். உளுந்தை விட்டு ஓரத்து மண்ணில் இறங்கிப் போன கார்களை, நடுவுல ஏத்துங்க சார் என்று கையைக் காட்டித் திருப்பினேன். ஒருவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். நேரத்துக்குக் கொண்டுவிட்டேன் என்று சொல்லியபடி அந்த அம்மா வந்து முறத்தை எடுத்துக்கொண்டார். எனக்கு அதற்கப்புறமும் உட்காரத் தோன்றவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டேகாலுக்கு அடித்தது.

"முடிஞ்சுடுச்சு. குடுத்துட்டாங்க."

என்ன கேட்டார்கள் என்றேன். தேர்வாளர் முதலில் கேட்டது, தலையில் என்ன காய்ந்த இலை என்றுதானாம். இவள் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அறையே சிரித்து ஓய்ந்த பிறகு பயமெல்லாம் போய்விட்டதாம்.

"அப்ப என்னாலதான் பாஸ்," என்றேன்.

"அப்படி வேற யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க," என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினாள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உளுந்துத் தூசி, வேறென்ன. அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். முகமெல்லாம் மலர, இரண்டு படி உளுந்தைப் புடைத்துப் பையில் கட்டிக் கொடுத்தார். நன்றி சொல்லப் போனேன்.

"ஒங்களுக்கில்ல, அவுங்களுக்கு," என்றார். "மொதல்ல காரை நவுத்துங்க. காட்டுமன்னார்கோயில் பஸ்ஸு வருது, அதாச்சும் நல்லா ஏறி மிதிக்கட்டும்."