இருமுறை எண்ணிய பட்டை

ததோகொரோ யோஷினொபு முப்பத்து நான்கு ஆண்டுகள் கட்டிடங்களை எண்ணினார். ஜப்பானின் தொகாமாச்சி ஊரில் அவர் வேலை பார்த்த நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கொடுக்கும் முன், வரைபடத்திலிருந்து தூண், கம்பி, கதவு என எல்லாவற்றையும் அளந்து பட்டியல் போடுவது அவர் பொறுப்பு. எண்ணியதன் மேல் வண்ணப் பென்சிலால் தீட்டுவார். வெள்ளையாக இருந்தால் இன்னும் எண்ணவில்லை என்று பொருள். பார்க்காத மனைக்குப் பட்டியல் போட்டதில்லை. பனிக்காலத்தில் எந்த முடுக்கில் கான்கிரீட் லாரி திரும்பாது என்று நடந்தே பார்த்துவிட்டு வருவார். தெரியாததைத் தெரியாது என்று எழுதிக் கேட்பார். வரைந்த பொறியாளர்களுக்கு அவரிடம் சற்றே பயம்.

அவர் இறந்த ஒன்பதாம் நாள் மகள் சிகுசா அந்த அலுவலகத்துக்குப் போனாள். அவளுக்கும் டோக்கியோவில் இதே தொழில். மழலையர் பள்ளி ஒன்றுக்கு அப்பா போட்டுவைத்த பட்டியல் மறுநாள் நண்பகலுக்குள் போக வேண்டும். சரிபார்க்க ஆள் இல்லை.

"சும்மா ஒரு பார்வை போதும்மா," என்றார் முதலாளி சகுமா. "உங்கப்பா ஒரு ஆணி விட்டுப் பாத்ததில்ல. எண்ணுறதுல அவரை மிஞ்சுறவ என் பொண்டாட்டி ஒருத்திதான். அவ எண்ணுறது என் குறைய."

சிகுசா சிரித்தாள். பிறகு தாள்களை விரித்தாள்.

நீளமான கட்டிடம், இரண்டு தாள்களில் வரைந்திருந்தார்கள். ஒட்டிப் பார்க்க வசதியாக, நடுவில் மூன்று மீட்டர்ப் பட்டை இரண்டிலும் வரும். ஒன்றில்தான் எண்ண வேண்டும். மற்றதில் அப்பா குறுக்குக் கோடு போட்டுவிடுவார். இதில் கோடு இல்லை. பட்டை இரண்டிலும் சிவப்பாக இருந்தது. நான்கு தூண்கள் எட்டாகியிருந்தன.

ஏதாவது காரணம் இருக்கும் என்று எல்லாத் தாள்களையும் இரண்டு முறை புரட்டினாள். இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் செய்யும் தப்பு.

ஓரத்தில் தேதி: நவம்பர் பதினாறு, ஞாயிறு. அன்று அவள் ஊருக்கு வருவதாக இருந்தது. வேலை அதிகம் என்று போனில் சொன்னாள். "வராட்டி என்னம்மா. எனக்கும் லேசா தலைவலி, படுக்கப் போறேன்," என்றார். படுக்கவில்லை, எண்ணியிருக்கிறார். மூன்று வாரத்தில் மூளையில் ரத்தம் கசிந்து போய்விட்டார்.

"சகுமா-சான், நாலு தூண் கூடுதலா இருக்கு."

அவர் இரண்டு தாள்களையும் ஒட்டி வைத்துப் பார்த்தார். "இருக்கட்டுமே. சேதாரம்னு வச்சுக்குவோம். கடைசிக் கணக்கும்மா, அதுல போய் கை வைக்கணுமா?"

"அப்பா விட்டிருப்பாரா?"

"விடுவாரா! என்னையில்ல திட்டித் தீத்திருப்பாரு."

நான்கு தூண்களையும் அவற்றின் அடித்தளத்தையும் கழித்தாள். திருத்திய பட்டியல் மறுநாள் காலை பதினொன்றரைக்குப் போனது.

ரயில் நிலையத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பாவிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. தப்பைக் கண்டுபிடித்தவர்மேல் அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. ஒரு கேள்விதான் கேட்டிருப்பார்:

"எந்தத் தாள்?"