படம் போட்ட மனு

என் மனைவி பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராக இருந்தாள். நான் டூவீலருக்கு சீட் கவர் தைக்கிறவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மிச்சப் படிப்பெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்து பொறுக்கியதுதான். வண்டியிலிருந்து சீட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தைத்து முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் மனுஷன் பேசாமல் வேறு என்ன செய்வான்? அவர்கள் பேசுவார்கள், நான் தைப்பேன். அதில் பாதி இன்னும் நினைவில் இருக்கிறது.

அவள் வேலைக்குப் போன காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சாக்பீஸ் வாசனைதான். சாயங்காலம் பள்ளி வேனிலிருந்து இறங்கி வருவாள். புடவை முந்தானையில் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். பரீட்சை சமயத்தில் எங்கள் வீட்டில் நடக்க இடம் இருக்காது, தரையெல்லாம் விடைத்தாள் கட்டு. ஒரு முறை ஒரு பையன் விடை தெரியாத இடத்தில் 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தான். அவள் சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்தபடி யோசித்தாள்.

"ஏங்க, சாமிக்கு அரை மார்க் போடலாமா?"

"போடும்மா. நாளைக்கு நாமளும் அவர்கிட்டதான் போய் நிக்கணும்" என்றேன். அவள் போடவில்லை. ஆனால் அன்று ராத்திரி சாப்பிடும்போதுகூட நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

அப்புறம் அவள் குரல் கெட்டது. முதலில் கரகரப்பு, பிறகு காற்று மட்டும். கஷாயம், மிளகுப் பால், சுக்கு எல்லாம் ஆன பிறகு வேலூருக்குக் கூட்டிப் போனேன். தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். "மெதுவா பேசலாம்மா, தப்பில்ல. கிளாஸ்ல கத்தினா இருக்கிறதும் போயிடும்." வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். போளூர் தாண்டி எங்கள் ஊர் மலை கண்ணில் பட்டதும்தான் வாயைத் திறந்தாள்.

"காலைல எழுந்து குளிச்சிட்டு இனிமே நான் எங்கங்க போறது?"

அவள் சம்பளம் இல்லாமல் வீடு ஓடாது என்பது ஒரு பக்கம். ஆனால் அவள் கேட்டது அதை இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அவள் வேலையை விட்ட விஷயம் கடைக்குத் தெரிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் ஒரு வேலை சொன்னார்கள். டியூஷன் எடுக்கச் சொன்னார் ஒருவர். "டியூஷன்ல மட்டும் ஊமை பாஷையிலயா நைனா சொல்லிக் குடுப்பாங்க?" என்று பக்கத்தில் இருந்தவர் அவர் வாயை அடைத்தார். லாட்ஜில் ரிசப்ஷன் வேலை இருக்கிறது என்றார் ஒரு ஆட்டோக்காரர். போனாள். பௌர்ணமிக் கூட்டம். ஆந்திராவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் குழந்தை சோபாவில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் செய்துகொண்டிருந்தது. வகுத்தலில் தப்புப் பண்ணுகிறது என்று இவள் கவுண்டரை விட்டு எழுந்து போய்விட்டாள். சாவிக்கு நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். லாட்ஜ் முதலாளி தங்கமான மனுஷன். "மேடம், நீங்க ரொம்ப நல்லவங்க. ஆனா எனக்கு ரூம் ரொம்பணும் இல்ல?" என்று கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

அடுத்தது இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை. இது நிலைக்கும் என்று நான் நம்பினேன். ஊரில் அவளிடம் படிக்காத பிள்ளை யார், அவளைத் தெரியாத வீடு எது? முதல் ஆள் என் கடையிலேயே சிக்கினார், காய்கறி மண்டி வைத்திருப்பவர். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மெல்லிய குரலில், பேப்பரில் கட்டம் போட்டு, வருஷா வருஷம் கட்டுவது, கடைசியில் வருவது, அதையே வேறு இடத்தில் போட்டால் கூட்டு வட்டியில் எவ்வளவு ஆகும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் தலையைச் சொறிந்தார். பேனாவை வாங்கி அவரே கடைசி வரியைப் போட்டார்.

"டீச்சர், அப்ப பேங்க்ல போட்டாலே ஜாஸ்தி வருதே?"

"கரெக்ட்! வெரி குட்!" என்று இவள் கைதட்டினாள்.

நான் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். மண்டிக்காரர் சந்தோஷமாக பேங்குக்குப் போனார். சாயங்காலம், "அவருக்குக் கணக்கு வருதுங்க. சின்ன வயசுல யாரோ பயமுறுத்தி வெச்சிருக்காங்க" என்றாள். அவளை என்ன சொல்ல? இன்சூரன்ஸ் பை ஆணியில் தொங்கியது. அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். டாக்டர் சொன்னதற்காகக் குறைத்த பேச்சு இல்லை அது.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குப் பால் ஊற்றும், அடி அண்ணாமலை கிராமத்து அம்மா வந்து நின்றார். பாலம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் நிலத்துக்குப் போகிற வண்டிப் பாதையை யாரோ மனை போட்டு வேலி கட்டி அடைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள். ஏற்கெனவே கொடுத்த மனுவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. "படிச்சவங்க ஒருத்தர் கூட வந்தா தைரியமா இருக்கும், வா டீச்சரம்மா" என்று கையைப் பிடித்தார். கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒரு பெரியவர் பாலம்மாவுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார். கல்யாணமாகி வந்தது, புருஷன் போனது, மாடு செத்தது எல்லாம் இருந்தது. பாதை கடைசி வரியில் இருந்தது. என் மனைவி அதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பினாள்.

"உங்க நிலம் எங்க இருக்கு? ரோடு எங்க? வேலி எங்க போட்டிருக்கான்? தரையில கோடு போட்டுக் காட்டுங்க."

பாலம்மா குச்சியால் மண்ணில் கோடு கிழித்தார். இவள் அதைப் பார்த்துத் தாளில் படம் வரைந்தாள். ரோட்டுக்கு ஏ, நிலத்துக்கு பி, வேலிக்கு சி. கீழே, வகுப்பில் எழுதுகிற மாதிரியே எழுதினாள். கொடுக்கப்பட்டவை: ஏ-யிலிருந்து பி-க்கு வண்டிப் பாதை இருந்தது, இப்போது சி-யில் அடைபட்டிருக்கிறது. தேவை: பாதை. அவ்வளவுதான். மாடு இல்லை, கண்ணீர் இல்லை.

பெரியவர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, மனுவுல படம் போடற? ஆபீஸர் இன்னா மார்க்கா போடப்போறாரு?"

"ஸ்டெப்புக்கு ஒரு மார்க் போட்டாப் போதும் சார்" என்றாள் இவள்.

பெஞ்சே சிரித்தது. பாலம்மாவுக்குத்தான் சந்தேகம். "நான் பட்ட பாட்டை ஒண்ணுமே எழுதலையே டீச்சரம்மா?" என்று முகம் வாடிப் போனார். "அதை நீங்க வாயால சொல்லுங்க. பேப்பர்ல பாதை மட்டும் போதும்" என்றாள். உள்ளே மனு வாங்கிய அதிகாரி தாளை ஒரு முறைதான் பார்த்தாராம். "இந்த இடமா! இது எனக்குத் தெரியுமே" என்றாராம். பாதை திறக்க அப்புறமும் ரொம்ப நாள் ஆயிற்று, அது வேறு கதை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை பாலம்மா தன் ஊரிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தார், படம் போட்ட மனு வேண்டும் என்று. அதற்கடுத்த வாரம் அந்தப் பெரியவரே நகர்ந்து உட்கார்ந்து, "இங்க வாம்மா, வெயில் கம்மி" என்று இடம் கொடுத்தார்.

வாரத்தில் மற்ற நாட்களில் ஆட்கள் கடைக்கே வந்தார்கள். என் ஸ்டூலில் உட்கார்ந்து ஏ, பி, சி சொன்னார்கள். அவள் மெதுவாகத்தான் பேசுவாள். அவர்கள் குனிந்து கேட்பார்கள். வந்த வருமானம் பள்ளிச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வராது. ஆனால் காலையில் குளித்துவிட்டுப் புடவைக்கு மடிப்பு வைக்க ஆரம்பித்திருந்தாள்.

அந்த வருஷப் பொதுத் தேர்வு நெருங்கிய சமயம், கடையில் இருந்தபோது பழைய ஹெட்மாஸ்டர் போன் செய்தார். புது டீச்சர் பாதியில் போய்விட்டாராம். காலரில் மாட்டுகிற மைக் வாங்கி வைத்திருக்கிறோம், கத்தவே வேண்டாம், வந்துவிடுங்கள் மேடம் என்றார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். எனக்கே அந்த வெள்ளைத் தூள் முந்தானையைத் திரும்பப் பார்க்க ஆசையாக இருந்தது.

"திங்கக்கிழமை மட்டும் வர முடியாதுங்க சார்."

"திங்கக்கிழமைதானே மேடம் டெஸ்ட்டே வைக்கிறோம்."

"அப்ப வேற யாரையாவது பாருங்க சார்" என்று போனை வைத்தாள்.

நான் மெஷினை ஓட்டினேன். "பசங்க பாவம்ங்க" என்றாள் யாரிடமோ சொல்வது போல. பிறகு போனை எடுத்து அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

"சார், புதுசா யார் வந்தாலும் தேற்றத்துல ஆரம்பிக்க வேணாம்னு சொல்லுங்க, பசங்க மிரண்டுடுவாங்க. வரைபடத்துல ஆரம்பிக்கட்டும். அப்புறம் அந்த மூணாவது பெஞ்சுப் பொண்ணு, கை தூக்கமாட்டா, ஆனா அவளுக்குப் புரியலைனா மூஞ்சியில தெரியும். அவளைப் பாத்து நடத்தச் சொல்லுங்க..."

அவள் குரல் தாழ்ந்து தாழ்ந்து போனது. அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று நான் மெஷினை நிறுத்தினேன்.