கூலரில் அடைப்பு

எங்கள் மாமாவைப் பற்றி, எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸ் பக்கம் இன்றைக்கும் யாரையாவது விசாரித்தால், கெட்டிக்காரர்தான், ஆனால் ஒருமுறை கோட்டை விட்டுவிட்டார் என்பார்கள். அந்த ஒருமுறை நடந்தபோது நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். மண் வெட்டும் பெரிய இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. புது எக்ஸ்கவேட்டர்களை ஓட்டிப் பார்த்து, ஹைட்ராலிக் ஆயில் எங்கே கசிகிறது, எதனால் சூடாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகாது. அம்மா மிக்ஸியைப் போட்டால் பக்கத்தில் வந்து நின்று காது கொடுத்துக் கேட்பார். "உள்ள சுத்துற தண்டுல புஷ் தேஞ்சி போவப்போவுதுக்கா" என்பார். அந்த வாரமே போய்விடும். அவர் சொல்லித்தான் கெட்டுப்போகிறது என்று அம்மா திட்டுவாள்.

அது, மழை விட்டு வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் சயனைட் மேடு இருந்தது. சுரங்கத்துப் பாறையை அரைத்து, சயனைட் கலந்து தங்கம் எடுத்த பிறகு, மிஞ்சிய மண்ணைக் காலங்காலமாகக் கொட்டி மலைபோல் ஆகிவிட்ட மேடு. அதன் அடியில் மழைத் தண்ணீர் போகக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்கவேட்டரை ஓட்டியவர் பங்காருபேட்டையிலிருந்து வந்துபோகும் ஒல்லியான இளைஞர். அவருடைய அண்ணன் டிபன் கேரியரோடு சைக்கிளில் வந்தார். தம்பி கையிலிருக்கும் வேலையை முடிக்கட்டும் என்று மேட்டின் நிழலில் உட்கார்ந்தார். மழையில் ஊறியிருந்த மேட்டின் ஒரு பக்கம் கழன்று அப்படியே அவர்மேல் சரிந்தது. தம்பி மிஷினில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தார்.

சத்தம் கேட்டு லைனே திரண்டு ஓடியது. ஆண்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். சரிந்த மண் ஈரச் சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. மேல் மண்ணை மிஷின்தான் அள்ள வேண்டியிருந்தது. தம்பி வெறிபிடித்தவர்போல அள்ளினார். கொஞ்ச நேரத்தில் மிஷின் தளர ஆரம்பித்தது. மண் நிறைந்த பக்கெட்டைத் தூக்க முடியாமல் அதன் கை நடுவழியில் நடுங்கி நின்றது. ஆயில் கொதித்துப்போய்விட்டது என்று ஒருவர் மாமாவைக் கூப்பிட ஓடி வந்தார். மாமா லுங்கியோடேயே ஓடினார். பின்னால் அப்பா. அவருக்குப் பின்னால், அம்மா கூப்பிடக் கூப்பிட நான்.

மாமா முதலில் ஆயில் அளவைப் பார்த்தார், சரியாக இருந்தது. ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். பக்கத்துக் கதவைத் திறந்து, ஆயிலை ஆற வைக்கும் கூலரைக் குனிந்து பார்த்தார். ரேடியேட்டர் என்றால் என்னவென்றே அறியாத எனக்கு அது ஒரு பெரிய சீப்புபோலத் தெரிந்தது. அதன் இடுக்குகளின் வழியாக மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்தார், தூசி இல்லை.

பிறகு ஒன்றும் செய்யாமல் நின்று கேட்டார். பக்கெட் மண்ணில் போய் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் மிஷினுக்குள்ளிருந்து 'கீ…' என்று ஒரு சத்தம் வந்தது. விடாமல் வந்தது. மாமா நிமிர்ந்து, மிஷினை விட்டுவிட்டு, ஓட்டுகிறவரின் கைகளைப் பார்த்தார்.

அப்பாவைத் தனியே இழுத்துப்போய் மெதுவாகச் சொன்னார். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மிஷின்ல ஒண்ணும் இல்ல மச்சான். அவன் கைதான். பக்கெட் சிக்கிக்கினா லீவர விட்டுட்டு, கொஞ்சம் கொஞ்சமா அள்ளணும். அவன் இழுத்துப் புடிச்சிக்கினே கீறான். ஆயிலுக்குப் போக வழியில்ல, வால்வ முட்டி முட்டி சூடாவுது. அவனாண்ட சொல்லிடாதீங்க."

அப்புறம் மிஷின்மேல் ஏறினார்.

"எறங்குப்பா. கூலர் அடச்சிக்கினு கீது. இப்டியே ஓட்னா பம்ப் போயிடும்."

"நிறுத்தாதண்ணா! எங்கண்ணன் உள்ள கீறாருண்ணா!"

"தெரியும்பா. அதுக்குதான் சொல்றேன், எறங்கு."

தம்பி லீவரை விடவில்லை. மாமாதான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். தம்பி கீழே விழுந்தமாதிரி இறங்கினார். இரண்டு பேர் அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"கூலர் கழுவணும், தண்ணி எடுத்தாங்க" என்று மாமா கத்தினார். அன்றைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் விடும் நாள். வரிசையில் நின்று பிடித்த குடங்களைப் பெண்கள் அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். நானும் ஒரு சின்னக் குடத்தை இடுப்பில் வைத்துத் தளும்பத் தளும்பக் கொண்டுபோனேன். ஊற்றிய தண்ணீர் ஆவியாக எழும்பியது, கீழே வடிந்தது தெளிவாகவே இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு மாமாவே ஓட்டினார். கை வழுவழுவென்று ஏறி இறங்கியது. அந்தக் கீச்சுச் சத்தம் ஒருமுறைகூட வரவில்லை. "கூலர் சுத்தமானதும் பாரு, எப்படி வேல செய்யுது" என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். மண்ணுக்குள் அண்ணனின் சைக்கிள் ஹேண்டில்பார் தெரிந்ததும் மாமா மிஷினை அணைத்துவிட்டார். மீதியைக் கையால்தான் தோண்டினார்கள். அண்ணனை எடுத்தபோது உயிர் இல்லை. பொட்டலில் துண்டை விரித்துக் கிடத்தினார்கள். மாமா சீட்டை விட்டு இறங்கவே வெகுநேரம் ஆயிற்று.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் காலையில் அந்தத் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். மழித்த தலை. உள்ளே வாங்க என்று அம்மா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. கொஞ்ச நாள் முன்னால் கால்வாய்க் காண்ட்ராக்டர் கூப்பிட்டு மாமா அந்த மிஷினைச் சரிபார்த்துக் கொடுத்திருந்தார். அது இந்தத் தம்பிக்குத் தெரிந்துவிட்டது.

"நீதான பாத்த? கூலர் அடச்சிருந்தது உனுக்குத் தெரியாதா?"

மாமா வாசலில் நின்றார். "நான்தாம்பா கவனிக்கல. எம்மேலதான் தப்பு."

"மொதல்லயே சரியா ஓடியிருந்தா எங்கண்ணன் பொழச்சிருப்பாரு!" அவர் மாமாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினார். ஒரு பட்டன் தெறித்தது. லைன் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. மாமா கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாரே தவிர, தடுக்கவில்லை.

கூலர் சுத்தமாக இருந்ததே, நான் பார்த்தேனே என்று கத்த வாயெடுத்தேன். அப்பா என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டார்.

உலுக்கி ஓய்ந்து, அந்தத் தம்பி மாமாவின் தோளிலேயே தலையை முட்டிக்கொண்டு அழுதார். பிறகு போய்விட்டார். மாமா முகம் கழுவிக்கொண்டு வந்து அம்மாவிடம் காபி கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய ஆள் அந்த ஒல்லிப்பிச்சான் கைக்குப் பயந்து, செய்யாத தப்பை ஒத்துக்கொண்டாரே என்று அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது.