எட்டாவது ஷாட்டில் இருக்கும் கை

என் அண்ணன் ஓர் அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் கட்டிங் மிஷின் ஓட்டினார். அச்சான தாள்களை அளவாக வெட்டுவது வேலை. அளவுகோலைத் தொடாமல், அரை மில்லிமீட்டர் கோணலையும் கண்ணாலேயே சொல்லிவிடுவார். அதனால் அங்கே அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். வீட்டில் அவர் பேசியதில் பாதி 'ம்'. மீதியில் பாதி 'பார்க்கலாம்'. எட்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு எழுந்திருக்கவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு சினிமாவில் நடித்திருக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் அவர் இல்லை, அவருடைய கை மட்டும்.

மூடிக் கிடக்கும் ஒரு சலவைக் கம்பெனியின் நிலவறையில் ஐந்து பேர் கதவைப் பூட்டிக்கொண்டு போக்கர் ஆடும் படம் அது. கதாநாயகன் குடியிருக்கும் வீட்டையே பந்தயம் வைக்கிறான். கடைசி ஆட்டத்தில் தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போகிறான். அவனிடம் இருந்தது ஜெயிக்கிற சீட்டா, தோற்கிற சீட்டா என்று படம் காட்டுவதில்லை. வந்த புதிதில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பிறகு எப்படியோ கல்லூரிப் பிள்ளைகள் அதைக் கண்டெடுத்தார்கள். இன்று வசனம் வசனமாக ஒப்பிக்கிறார்கள். எல்லோரும் சண்டை போடுவது ஒரு நொடிக்காக: சீட்டைக் கலைக்கும்போது அவன் வலது கை சீட்டுக்கட்டை விட்டு விலகி, வெறும் மேஜையை ஒருமுறை தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அது எதிரில் இருப்பவனுக்குக் கொடுத்த சைகை, அவன் வேண்டுமென்றே தோற்றான் என்று ஒரு கட்சி. இல்லை, தன் வீட்டுக்குச் சொன்ன பிரியாவிடை என்று இன்னொரு கட்சி.

அந்தப் படத்துக்குச் சீட்டு வெட்டித் தர அச்சகத்துக்கு வந்த கலை இயக்குநர், வெட்டிய சீட்டுக்கட்டை அண்ணன் தட்டி அடுக்குவதைப் பார்த்து நின்றுவிட்டாராம். காய்ச்சல் என்று பொய் சொல்லி, அண்ணன் இரண்டு நாள் லீவு போட்டுப் போனார். கதாநாயகனின் கைபோலத் தெரிவதற்காகப் புறங்கை முடியை மழித்து, பவுடர் பூசி, நகத்துக்கு மெருகு போட்டு அனுப்பினார்கள். அப்போது அண்ணனுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். அண்ணி அந்தக் கையைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் பக்கத்தில் விடவில்லை என்று அண்ணனே ஒருதரம் சொன்னார். அவர் எனக்குச் சொன்ன மிக நீளமான கதை அதுதான். போக்கர் அவருக்குக் கடைசிவரை தெரியாது. படத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, கடைசியில அவன் ஜெயிச்சானா தோத்தானா?" என்று கேட்டார். படித்தவன் என்ற தோரணையில் நான் ஏதோ விளக்கினேன். "ம்" என்றார்.

படத்தில் அவர் பெயர் இல்லை. அண்ணிக்கு அது பெரிய குறை. அண்ணி சொல்வதை அவருடைய சொந்த அக்காவே நம்பவில்லை. விசேஷ வீடுகளில் கூட்டம் சேர்த்துக்கொண்டு, "வாடி, கை நடிகர் பொண்டாட்டி. கையை ஷூட்டிங் அனுப்பிட்டு உடம்பு வீட்டுலயே இருந்துச்சாமா?" என்பார். அண்ணியும் சிரிப்பார். சிரித்துவிட்டு வந்து அன்று முழுதும் யாரோடும் பேசமாட்டார்.

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். அந்தப் படத்தைப் புதுப்பித்து மறுபடி வெளியிடுகிறார்கள், அவள் எடிட்டர். பழைய படப்பிடிப்புக் குறிப்பில் 'கை - பிரஸ்காரர்' என்று ஒரு வரி இருக்கிறதாம். அதை வைத்து, சீட்டு வெட்டிய அச்சகத்தில் விசாரித்து என் நம்பரைப் பிடித்திருக்கிறாள். எல்லாம் தானே செய்ததாகக் கதாநாயகர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், அவருக்கு இப்போது ஞாபகமும் சரியில்லை. "கை மட்டும் வர்ற ஷாட் பதினொண்ணு இருக்கு சார். அதுல ஒண்ணையாவது இது அவர் கைதான்னு நிச்சயமா காட்டிட்டீங்கன்னா, பேரைப் போட்டுடலாம். வியாழக்கிழமைக்குள்ள வேணும்."

"கையைப் பிடிச்சவளுக்குக் கை தெரியாதா?" என்றார் அண்ணி. அலமாரியிலிருந்து நல்ல புடவையை எடுத்தார்.

கூட வந்தது பைண்டர். அண்ணனுக்குப் பக்கத்து மேஜையில் இருபத்தாறு வருஷம் புத்தகம் கட்டியவர். எடிட்டிங் அறை ஒரு லிஃப்ட் அளவுதான் இருந்தது. நாலு பேரும் முட்டி இடிக்க உட்கார்ந்தோம்.

எடிட்டர் பதினொன்றையும் வரிசையாக ஓட்டினாள். மூன்றாவதில் ஒரு கை ஐந்து சீட்டையும் மெதுவாக விசிறிபோல் விரிக்கிறது. அண்ணி உடனே, "இதுதான்" என்றார். "நிறுத்துமா. இதுதான். டிவியில எத்தனை தடவை பார்த்திருப்பேன். இதுதானேன்னு கேட்டா, அவரும் 'ம்'னு சொல்லியிருக்காரு."

"அவர் எதுக்குத்தான் 'ம்' சொல்லல, அண்ணி?" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

எனக்கு ஆறாவது என்று பட்டது. அதில் கட்டைச் சற்று வளைத்து, தாள்களுக்கு நடுவே காற்று புக விட்டு, பிறகு நீளவாக்கில் இரண்டு தட்டு. அது அச்சகத்துக் கை. காற்று விடாமல் தட்டினால் தாள் ஒட்டிக்கொள்ளும், சமமாக வராது. கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னேன்.

எடிட்டர் வேறொரு காட்சியைப் போட்டாள். கதாநாயகனின் முகமும் கையும் சேர்ந்தே தெரிகிற காட்சி. அவரும் அதேபோல் வளைத்தார், காற்று விட்டார், இரண்டு தட்டுத் தட்டினார்.

"உங்க அண்ணனைப் பார்த்து ஹீரோ கத்துக்கிட்டிருக்காரு போல" என்றாள்.

அப்படியானால் பதினொன்றும் அண்ணன் கையாக இருக்கலாம், ஒன்றுமே அவர் கையாக இல்லாமலும் போகலாம். கூடப் பிறந்து, ஒரே தட்டில் சாப்பிட்ட கை. பவுடரும் மெருகும் இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்குமா என்றுகூட அப்போது உறுதியாக இல்லை.

பைண்டர் அதுவரை தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். "அந்த எட்டாவதைத் திரும்பப் போடும்மா."

ஊரே சண்டை போடும் ஷாட் அது. வலது கை விலகி மேஜையைத் தொட்டுத் திரும்பியது.

பைண்டர் சிரித்தார். சிரிப்பு நடுவில் இருமலானது. "அடப்பாவி. ஸ்கேல், இங்கயுமா?"

"என்னண்ணே?" என்றேன்.

"பஞ்சுடா. வெட்டுறவனும் கட்டுறவனும் தாள் எண்ணணும். எண்ணுறவன் வலது பக்கம் ஒரு டப்பாவுல ஈரப் பஞ்சு இருக்கும். விரல் காஞ்சா தாள் வழுக்கும், அதனால தொட்டுத் தொட்டு எண்ணுவோம். கண்ணு கூடப் பார்க்காது, கை தானாப் போகும். நான் வீட்டுல பேப்பர் புரட்டும்போதே தொடுவேன், பொண்டாட்டி திட்டுவா. அங்க பஞ்சு இல்ல, இவன் வெறும் மேஜையைத் தொட்டிருக்கான். நடிகன் தட்டுறதைக் கத்துக்கலாம். இல்லாத பஞ்சைத் தொடுறதை எவன் கத்துப்பான்?"

எடிட்டர் நாற்காலியோடு எங்கள் பக்கம் திரும்பினாள். "நான் காலேஜ்ல இந்த ஒரு ஷாட்டைப் பத்தி இருபது பக்கம் எழுதினேன் அண்ணா. தியாகம்னு எழுதினேன்."

"பஞ்சுன்னு திருத்திக்கம்மா" என்றார் பைண்டர்.

நாங்கள் மூவரும் சிரித்தோம். அண்ணி சிரிக்கவில்லை. திரையில் நின்றிருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமான, சற்று மங்கலான கை.

"இது அவர் கை மாதிரியே இல்லையே" என்றார்.

"சத்தியமா அவன்தான் தங்கச்சி."

"அப்ப மூணாவது?"

எடிட்டர் தயங்கி, "அதுவும் அவராவே இருக்கலாம்மா. நிச்சயமாச் சொல்ல முடியாது" என்றாள்.

"இத்தனை வருஷமா டிவியில நான் யார் கையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன் தம்பி?" என்று என்னைக் கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி.

படிவத்தில் எந்த ஷாட் என்று எழுத வேண்டியிருந்தது. மூன்று, எட்டு என்று இரண்டையும் எழுதிவிடலாமா என்று நான் காதோடு கேட்டேன். அண்ணி வேண்டாம் என்று தலையசைத்தார். "எட்டு மட்டும் எழுதுங்க. அவருது இல்லாததுக்கு அவர் பேரு எதுக்கு?" கையெழுத்துப் போட்டுவிட்டு, எடிட்டரிடம், "மூணாவதை மட்டும் என் போனுக்கு அனுப்புவியாம்மா?" என்றார்.

நேற்று தியேட்டரில் பார்த்தோம். அண்ணியின் அக்காவும் வந்திருந்தார். சுற்றிலும் பிள்ளைகள் வசனங்களை முன்கூட்டியே சொன்னார்கள். மூன்றாவது வந்தபோது அண்ணி நாற்காலி நுனிக்கு வந்தார். எட்டாவதில் கை மேஜையைத் தொட்டதும் அரங்கம் முழுவதும் விசில்.

"இதுக்கு ஏன் தம்பி விசிலடிக்கிறாங்க?"

"அண்ணனுக்குத்தான்" என்றேன்.

அது சரியான பதிலா என்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை. அவர்கள் விசிலடித்தது தியாகத்துக்கு. அண்ணன் தேடியது பஞ்சு.

பெயர் கடைசியில், பாதிக் கூட்டம் எழுந்து போன பிறகுதான் வந்தது. அண்ணியின் அக்கா அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு, "எதுடி மாப்பிள்ளை கை? அந்த விசிறி மாதிரி விரிச்சதா?" என்று கேட்டார்.

அண்ணி வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு போட்டுவிட்டார்கள். பெருக்குகிறவர் எங்கள் வரிசைக்கே வந்துவிட்டார்.

"இல்லக்கா. விசிலடிச்சாங்களே, அது."