முதுகைத் தேடி மூக்கில் கண்டது

எனக்கு இருப்பது நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். மெதுவாக நகரும் வகை. இப்போதைக்கு மருந்து வேண்டாம், அவ்வப்போது ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றார் மருத்துவர். மருந்தில்லாத புற்றுநோயைத் திண்டிவனத்தில் யாரும் நம்பவில்லை. "டாக்டரே கைவிட்டுட்டாரு போல" என்று பேசிக்கொண்டு அக்கம்பக்கத்தார் ஆப்பிளோடு பார்க்க வந்தார்கள். நானோ பள்ளி மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தேன். நான் விளையாட்டு ஆசிரியை.

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். "இந்த நோய் இருக்கறவங்களுக்குத் தோல்ல புற்றுநோய் வர்ற வாய்ப்பு அதிகம்மா. வெயில்ல நிக்காதீங்க. மாசாமாசம் உடம்பு முழுக்கப் பாருங்க. புது மச்சம், ஆறாத புண்ணு எதுவானாலும் உடனே காட்டுங்க."

மைதானத்துக்குக் குடையோடு போனேன். "இன்னா டீச்சர், மழையா?" என்று வானத்தைப் பார்த்தார் தலைமை ஆசிரியர்.

முதுகைப் பார்க்கும் பொறுப்பு கணவருக்கு. கல்யாணமான நாள் முதல் நான் புதுப் புடவை கட்டியதைக்கூடக் கவனிக்காதவர், டார்ச்சைக் கையில் எடுத்ததும் போலீஸ்காரர் ஆகிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஏ, அசையாத. இங்க ஒண்ணு புச்சா கீது" என்றார். டாக்டருக்கு அனுப்பப் படம் எடுத்தார். அனுப்பியது குடும்ப குரூப்பில்.

"அழிச்சிட்டேன், அழிச்சிட்டேன்" என்று பதறினார். அழித்தது அவருடைய போனில் மட்டும்.

"முதுகுல மச்சம் ராஜயோகம்" என்றார் விழுப்புரத்து நாத்தனார். "சுண்ணாம்பு வெச்சா உதுந்துரும்" என்றார் கண்டாச்சிபுரத்துச் சித்தப்பா. கணவரின் தம்பி படத்தைத் திறக்காமலேயே 'ஆழ்ந்த இரங்கல்' போட்டார்.

மறுநாளே விழுப்புரத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "இது சும்மா மச்சம்தான்" என்றார். கணவர் சட்டென்று எழுந்தார், ஜல்தியாகப் போனால் ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்கலாமாம்.

"இருங்க. மூக்குல இன்னா?"

"மூக்குத்தி உறுத்தல் டாக்டர். ஆறும், திரும்பப் பொருக்கு கட்டிக்கும்."

"எவ்ளோ நாளா?"

"தீபாவளிக்கு முன்னாடியிலேர்ந்து."

பொங்கல் முடிந்திருந்தது. அத்தனை நாளும் என் முகத்தைப் பார்த்துப் பேசியவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள். கல்லு மூக்குத்தியை மாற்றித் தங்கத்தில் போட்டேன், மஞ்சள் தடவினேன். முதுகுக்கு டார்ச் அடித்தவரும் நானும் மூக்கில் இருந்ததைப் புண் என்றே எண்ணவில்லை.

சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் திட்டினால்கூடத் திருப்பிப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தோல் புற்றுநோய்தான். பெரும்பாலும் வேறெங்கும் பரவாத வகை, சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார்கள். இடது மூக்கில் மூக்குத்தி இருந்த இடத்தை வெட்டியெடுத்துத் தையல் போட்டார்கள். வீட்டுக்கு வந்த நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வலது பக்கம் குத்திக்க, மொகத்துக்கு எடுப்பா இருக்கும்" என்றார்.

இப்போது மாதாமாதம் முகத்திலிருந்து ஆரம்பிக்கிறோம். கணவர் டார்ச்சைக் கண்ணுக்கு நேரே அடிக்கிறார். "பேஜாரு புடிச்ச மனுசன்" என்று திட்டுகிறேன். அடிக்கட்டும்.