விசில்காரரின் முறை

பஸ் டெப்போவில் அவருக்குப் பெயர் விசில்காரர். நேரக்காப்பாளர் வேலை. அவர் ஊதினால்தான் வண்டி நகரும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவரும் டிரைவர்கள் அவர் காதுபடவே திட்டுவார்கள். அதையும் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் மனசு அவருக்கு.

அப்பேர்ப்பட்டவரின் பேச்சு சொந்த மகளிடம் எடுபடவில்லை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவள், பாதியில் வந்து படுத்துவிட்டாள். மனச்சோர்வு என்றார் டாக்டர். இரண்டு தடவை டாக்டரிடம் போனவள் அப்புறம் மறுத்துவிட்டாள். "சுறுசுறுப்பா இருந்தா எல்லாம் சரியாயிடும்" என்று அப்பா கதவுக்கு வெளியே நின்று சொன்னதுதான் வினை.

"நான் மட்டும் எதுக்கு மனசைத் திறக்கணும்? ஆஸ்பத்திரியில பெத்தவங்க கூட்டம் நடக்குதில்ல? அங்க போய் நீங்க வாயைத் திறங்க. அப்புறம் நான் டாக்டர்கிட்ட வர்றேன்."

போனார். மாடி அறையில் வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஏழெட்டுப் பேர். ஆளுக்கு அஞ்சு நிமிஷம், யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது என்றார் கூட்டம் நடத்தும் மேடம். முதலில் எழுந்தவர் அரை மணி நேரம் பேசினார். விசில்காரருக்குக் கை நமநமத்தது; அவர் முறை வராமலே கூட்டம் கலைந்தது.

அடுத்த கூட்டத்தில், யாரும் கேட்காமலே நேரம் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். கையில் விசில்.

"அழுகைக்கு அரை நிமிஷம் கூட்டித் தர்றேம்மா. கண்ணைத் தொடச்சுக்கிட்டே பேசுங்க."

பேசும்போதே அழுத அந்த அம்மாவுக்கு அழுகை நின்றே போனது. ஆனால் தன் முறை நெருங்க நெருங்க விசில்காரரின் கறார் இளகியது. பக்கத்து நாற்காலி பேங்க்காரர் சுருக்கமாக முடித்துவிட, "நல்லா யோசிங்க சார், ஏதாவது விட்டுப்போயிருக்கும்" என்று விடாமல் கிண்டினார். மனிதர் வேறு வழியில்லாமல் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் அறையைப் பூட்ட வாட்ச்மேன் வந்துவிட்டார்.

"பேசினீங்களா?" என்றாள் மகள்.

"கூட்டம் கன கச்சிதமா நடந்துச்சு கண்ணு."

"அதைக் கேக்கல." கதவு சாத்திக்கொண்டது.

அதற்கடுத்த கூட்டத்தில் அவருக்கு முந்தின நாற்காலியில் ஒரு தையல்காரம்மா. அந்தம்மா பேசி முடித்ததும் விசில்காரர் பல்லைக் காட்டினார்.

"இன்னும் நேரம் கெடக்கே..."

"கெடக்கட்டும். விசிலைக் கொடுங்கண்ணே." பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "எம் பையனுக்குக் காதுல யாரோ பேசுற மாதிரி கேக்குதுன்னு இத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன். உங்க வாயில மட்டும் என்ன பூட்டா?"

விசில்காரர் எழுந்து விறைப்பாக நின்றார். "பொண்ணு. வயசு பத்தொம்பது. சாப்பாடு ஒருவேளை. தூக்கம்..."

"வண்டி நம்பரா ஒப்பிக்கிறீங்க? உக்காந்து சொல்லுங்கண்ணே."

உட்கார்ந்தார். "அவ அழுதா எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. டூட்டிக்கு நேரமாச்சுன்னு டெப்போவுக்கு ஓடிடுறேன். லீவு நாள்லகூட. அங்க போய் சும்மா நிக்கிறேன். டூட்டியில இருக்கிறவன் 'நீ எதுக்குய்யா வந்து உசிரை வாங்குறே'ன்னு துரத்துறான்."

பேங்க்காரர்தான் முதலில் குபீரென்று சிரித்தார். மேடமும் வாயைப் பொத்திக்கொண்டார். விசில்காரரும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். நடுவில் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அப்புறம் அவர் பேசிக்கொண்டே போனார். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"பேசினீங்களா?"

"ம்" என்றார், மகளின் அறை வாசலில் நின்றபடி.

"என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?"

"உன்னைப் பத்தி எங்க சொன்னேன்? என்னைப் பத்தித்தான். எல்லாரும் சிரிச்சாங்க." டெப்போ கதையைச் சொன்னார்.

"லீவு நாள்லயுமா?" அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. "சரி, இப்ப நான் அழுதா என்ன பண்ணுவீங்க?"

"தெரியல கண்ணு. இங்கயே உக்காந்திருக்கேன்" என்று அறை வாசலிலேயே சம்மணம் போட்டார்.

அவளும் கட்டிலிலிருந்து இறங்கி அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட வர்றேன். ஆனா விடியறதுக்கு முன்னாடியே செருப்பை மாட்டிக்கிட்டு வந்து நிக்கக் கூடாது."

"ச்சே ச்சே. எட்டு மணிக்கு மாட்டிக்கிறேன்."

"அப்பாயின்ட்மென்ட் சாயங்காலம்ப்பா."