சாயபு மறந்த மைப்பெட்டி

கமாலுத்தீன் சாயபு மறைந்த செய்தி வந்தபோது நான் எங்கள் நகரசபையின் சிப்பந்திப் பிரிவில், அவருடைய காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, அவர் கையெழுத்துக்காக லீவு விண்ணப்பங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் என்று இரண்டு நாளாக வீட்டில் இருந்தார். திங்கட்கிழமை வந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

சேவகன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சாயபு போய்ட்டாருங்க. காலைல தொழுகைக்கு எழுந்தவரு அப்டியே சாஞ்சிட்டாராம்," என்றான்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'இனி அவருக்குத் தெரிய வராது' என்று ஒரு நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் சற்று நேரம் கழித்து அழுதேன். அவருக்கு என்ன தெரிய வராது என்பதை இந்தக் கட்டுரையில் சொல்லிவிடுவதாக இருக்கிறேன். சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு வாய் வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆம்பூரில் பிறந்தவர். பாலாற்றங்கரையில் உள்ள எங்கள் ஊர் நகரசபைக்குச் சின்ன குமாஸ்தாவாக வந்து, சிப்பந்திப் பிரிவின் தலைமைக் குமாஸ்தாவாக உயர்ந்தவர். ஓவர்சியர் முதல் விளக்கேற்றுகிறவர் வரை யாரை வேலைக்கு எடுப்பது, யாருக்கு லீவு, யாருக்கு மாற்றல், யாருக்குத் தண்டனை என்பதெல்லாம் அவர் பேனா வழியாகத்தான் போக வேண்டும். ஒல்லியான தேகம், வெள்ளைத் தாடி, கறுப்புத் துருக்கித் தொப்பி. அவருடைய செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டால், வெற்றிலை மென்றுகொண்டிருப்பவர்கள் அப்படியே விழுங்கிவிடுவார்கள். சேர்மன் திட்டினால் மறுநாள் மறந்துவிடுவார். சாயபு சர்வீஸ் ரிஜிஸ்தரில் ஒரு வரி எழுதினால் அது பென்ஷன் வரைக்கும் கூடவே வரும். அதனால் பயம்.

குடியாத்தத்திலிருந்து தற்காலிகக் குமாஸ்தாவாக நான் வந்து சேர்ந்த அன்றே அந்தப் பயத்தைப் பார்த்துவிட்டேன். என் பெயருக்கு ரிஜிஸ்தர் போட உடம்பில் இரண்டு அங்க அடையாளம் வேண்டும். கழுத்தில் ஒரு மச்சம் கிடைத்துவிட்டது. இரண்டாவதுக்கு என்னைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஜன்னல் பக்கம் திருப்பி, மாடு வாங்குகிறவர் மாதிரி சுற்றி வந்தார். வேர்த்துக் கொட்டியது. அடையாளம் அகப்படாவிட்டால் வேலை போய்விடும் என்றே நான் நம்பினேன். கடைசியில் முழங்காலில் ஒரு தழும்பைக் கண்டுபிடித்தார்.

"இது இன்னா?"

"சின்ன வயசுல தறிக்குழில விழுந்துட்டேங்க."

"நல்லதா போச்சி. எதுக்கு இப்டி நடுங்கறே ஏகாம்பரம்? வேட்டிய எறக்கி வுட்டுக்கோ," என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. எழுதி முடித்த பிறகுதான், சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தார் என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார்.

அவருக்கும் பயம் உண்டு என்று எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று. குடித்துவிட்டு வேலைக்கு வந்த ஒரு விளக்குக்காரரை நீக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அதை எழுதுவதற்கு முன் சாயபு மூன்று முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். பேனாவைத் தொட்டார், வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "கை ஆடுது பாரு. இத்தினி வருஷமா இப்டித்தான். ஒருத்தன் வூட்ல அடுப்ப அணைக்கறோம், பயம் இருக்காதா? வெளிய சொல்லிடாத. அப்புறம் ஒருத்தனும் என்னை மதிக்கமாட்டான்."

நான் சொல்லவில்லை. அந்த ஒரு ரகசியத்தைக் காப்பாற்றினேன் என்பதைத் தவிர அவர் விஷயத்தில் பெருமைப்பட என்னிடம் வேறு எதுவும் கிடையாது.

அதற்கு அடுத்த கோடையில் ஊரில் வாந்திபேதி கண்டது. ஆற்று ஊற்றுகள் வற்றி, தோல் பதனிடும் ஷாப்புகளின் பின்னால் இருந்த கிணறுகளில் ஜனங்கள் இறைத்த சமயம். காலையில் பேசிக்கொண்டிருந்தவரைச் சாயங்காலம் தூக்கினார்கள். தெருவெல்லாம் சுண்ணாம்பு கொட்டியிருந்தது. தோல் ஊறும் ஆவாரம்பட்டை நாற்றத்துக்குப் பழகிய எங்கள் மூக்குக்கே அந்தச் சுண்ணாம்பு வாடை தாங்கவில்லை. நான் சோற்றைத் தொடுவதற்கு முன் நாலு தரம் கை கழுவினேன். கழுவுகிற தண்ணீரையும் சந்தேகப்பட்டேன்.

நோய் கண்ட வீடுகளைச் சுத்தம் செய்யப் போன துப்புரவுச் சிப்பந்திகளில் இரண்டு பேர் இறந்தார்கள். மற்றப் பதினாலு பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் சார்பில் நகரசபை வாசலுக்கு வந்து பேசியவர் முனியம்மாள். தெரு கூட்டும் வேலையில் பத்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் உள்ளவர். "செத்தவங்க ரெண்டு பேரு பொஞ்சாதிக்கும் அந்த வேலையக் குடுங்க சாமி. எங்களுக்கு ஒண்ணுன்னா புள்ளைங்க தெருவுல நிக்காதுன்னு தெரிஞ்சா போதும். இப்பவே தொடப்பத்த எடுக்கறோம்," என்றார். அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

சேர்மன் பெரிய தோல் முதலாளி. தம் ஷாப்பில் கேள்வி கேட்ட ஆளை அன்றே அனுப்பிப் பழக்கப்பட்டவர். பதினாலு பேரையும் நீக்கிவிட்டு வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவரச் சொன்னார். சாயபுவின் கை மறுபடி ஆடியது. ஆனாலும் பதினாலு உத்தரவையும் அவரே எழுதினார்.

இங்கே ஒரு ஆபீஸ் முறையைச் சொல்ல வேண்டும். நீக்கல் உத்தரவைச் சம்பந்தப்பட்டவரிடம் வாசித்துக் காட்டி, பெருவிரல் ரேகை வாங்க வேண்டும். ரேகை விழும்வரை அவர் அந்த வேலையில் இருப்பதாகத்தான் கணக்கு. அந்த இடத்தில் இன்னொருவரை நிரந்தரமாக நியமிக்க முடியாது. ரேகை வாங்க சாயபு தாமே புறப்பட்டார். துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டார்.

அவர்கள் குடியிருந்த தெரு ஆற்றோரம் இருந்தது. போகிற வழியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒரு வீட்டில் யாரோ ஓயாமல் முனகிக்கொண்டிருந்தார்கள். நான் மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, சாயபுவின் நிழலை மிதித்துக்கொண்டு நடந்தேன். பதினாலு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். சாயபு உத்தரவை நிதானமாக வாசித்தார். வாசித்து முடித்ததும் ஜிப்பாப் பையைத் தடவினார். இந்தப் பையைத் தடவினார், அந்தப் பையைத் தடவினார்.

"பேஜாரா போச்சி. மைப்பெட்டிய மறந்துட்டேன். நாளைக்கு வர்றோம்," என்றார்.

குண்டூசி எண்ணிக்கைகூட மறக்காத மனிதர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தாடை துடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மைப்பெட்டி வந்தது. ஆனால் மை காய்ந்திருந்தது. முனியம்மாள் தாமாகவே விரலை நீட்டி அழுத்தினார். காகிதத்தில் ஒன்றும் விழவில்லை. சாயபு காகிதத்தை வெயிலில் தூக்கிப் பார்த்து, "லேசா கூட விழலியே," என்று வருத்தப்பட்டார். அவர் வருத்தத்தை நம்பியவர்கள் அங்கே ஒருவரும் இல்லை.

திரும்பும்போது ஆற்று மணலில் நின்று என்னிடம் சொன்னார்: "வெளியூர் ஆளுங்க இந்த ஊருக்கு வந்து ரெண்டு நாள் தாங்கமாட்டாங்க ஏகாம்பரம். அதுக்குள்ள சேர்மனே இவங்கள கூப்புடுவாரு. ரேகை வாங்காம இருந்தா இவங்க சர்வீஸ் முறியாது. இன்னும் நாலு நாள் நான் எதையாச்சும் மறக்கணும். அல்லா, எனக்கு பயமா இருக்குது."

அன்று சாயங்காலம் சேர்மன் வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. தனியாகப் போனேன். பின்கட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் இரண்டு மாதமாக அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம்.

"உன் காகிதம் என் மேஜை மேலதான் கீது," என்றார் சேர்மன். "அங்க சாயபு இன்னா பண்றாரு?"

அவர் என்னை அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. ஒரே கேள்விதான். 'எனக்குத் தெரியாதுங்க' என்று சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மறந்த மைப்பெட்டி, காய்ந்த மை, நாலு நாள் கணக்கு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். கேட்காததையும் சொன்னேன். பயந்தவன் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் சேர்மனுடைய ஆட்கள் புது மை கொண்டு போய்ப் பதினாலு ரேகையையும் வாங்கிவிட்டார்கள். அன்று மத்தியானமே வெளியூர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவருக்கு வாந்தி கண்டதும் மற்றவர்கள் அடுத்த நாளே ரயிலேறிவிட்டார்கள். சாயபு சொன்னபடியே சேர்மன் பழைய ஆட்களைக் கூப்பிட்டனுப்பினார். ஆனால் ரேகை விழுந்துவிட்டதே. பதினாலு பேரும் புதிதாக வேலையில் சேர்ந்தவர்களாகத்தான் எழுதப்பட்டார்கள். முனியம்மாளின் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட சர்வீஸ் ஒரு கோடு போட்டு மூடப்பட்டது. இன்னும் இரண்டு நாள் நான் வாயை மூடியிருந்தால் அந்தக் கோடு விழுந்திருக்காது.

சாயபு அங்கேயும் விடவில்லை. புதுப் பட்டியல் என்றால் புதுப் பெயர் சேர்க்கத் தடை இல்லை என்று, இறந்தவர்கள் இருவரின் மனைவிமாரையும் சேர்த்துப் பதினாறு பெயராக எழுதிச் சேர்மன் முன் வைத்தார். தெருவில் பிணம் கிடந்த நேரம். சேர்மன் பார்க்காமலே கையெழுத்திட்டார்.

பிறகு சாயபுவின் முறை வந்தது. கடமை தவறியதற்காகக் கடும் கண்டனம். மானேஜர் பதவிக்கு அவர் பெயர் பரிசீலிக்கப்படாது. தலைமைக் குமாஸ்தா என்பதால் அதைத் தம் சர்வீஸ் ரிஜிஸ்தரில் தாமே பதிய வேண்டியிருந்தது. அச்சு மாதிரி எழுத்தில் எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்கு ரிஜிஸ்தரை என் பக்கம் திருப்பினார்.

"யாரோ சொல்லிட்டாங்க," என்றார். "உன்னையும் புடிச்சி கேப்பாங்களோன்னுதான் நான் பயந்தேன். தப்பிச்சே. போடு கையெழுத்து."

போட்டேன். அடுத்த வாரம் என் வேலை நிரந்தரமாயிற்று. அந்த உத்தரவையும் அவரே பதிந்தார். கை குலுக்கி, "வூட்ல சொல்லு, சந்தோஷப்படுவாங்க," என்றார்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டி மானேஜராகப் போனார்கள். அவர் ஒருவரையும் குறை சொன்னதில்லை. 'ஏகாம்பரம்' என்று அவர் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும், இன்றைக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் திக்கென்றது. ஒவ்வொரு தடவையும் அவர் ஏதாவது லீவு விண்ணப்பத்தைத்தான் கேட்டார். சில நாட்களில் எனக்கு இன்னொரு சந்தேகமும் வரும். அவருக்கு எல்லாம் தெரியும், மன்னித்துவிட்டார், அதனால்தான் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் கொஞ்சம் தூக்கம் வரும்.

ஜனாசா அன்று மசூதியிலிருந்து கபர்ஸ்தான் வரைக்கும் பாதை கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. யாரும் உத்தரவு போடவில்லை. எல்லோரையும் போல நானும் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வெளியே வந்தேன். சுவருக்கு வெளியே துப்புரவுச் சிப்பந்திகள் நின்றார்கள். முனியம்மாளின் தலை முழுக்க நரைத்திருந்தது. எனக்கு அந்த அம்மாள் முன்னால் நிற்க முடியவில்லை. எட்டு வருஷமாக அடைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"சேர்மன்கிட்ட சொன்னது நான்தான் முனியம்மா," என்றேன்.

"தெரியும் சாமி," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "அன்னிக்கி நானு சேர்மன் அய்யா கால்ல வுழலாம்னு பின்பக்கமா வந்து நின்னுட்டு இருந்தேன். நீங்க சொன்னது பூரா காதுல வுழுந்திச்சி."

"அப்ப சாயபுக்கும் தெரியுமா? நீ சொல்லிட்டியா?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்றுதான் அப்போது ஏங்கினேன்.

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "சொல்லணும்னுதான் மறுநாளு போனேன். போன வாசல்லியே அவரு சொல்றாரு, 'ஆபீஸ்ல எல்லாரையும் பாத்தா பயமா கீது முனியம்மா, ஏகாம்பரம் ஒருத்தன்கிட்டதான் பயப்படாம பேசறேன்'ன்னு. அத கேட்டுட்டு நான் எப்டி சாமி சொல்லுவேன்? எங்க பதினாறு பேருக்கும் தெரியும். யாரும் வாயத் தெறக்கலை. இருக்கறவரைக்கும் அவருக்கு அது ஒண்ணாவது இருக்கட்டும்னு வுட்டுட்டோம்."

சர்வீஸை இழந்தவர்கள் எட்டு வருஷம் என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். எனக்காக அல்ல, அவருக்காக. இதை நான் எழுதுவது சேர்மன் கண்ணிலும் படும். எழுதும் இந்த நேரத்திலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

சாயபு அவர்களே, உங்களுக்கு எல்லோரும் பயந்தோம். நீங்கள் எல்லோருக்கும் பயந்தீர்கள். ஊரிலேயே பயப்பட வேண்டிய ஒருவனிடம் மட்டும் நீங்கள் பயப்படாமல் பேசிவிட்டுப் போய்விட்டீர்கள். போய் வாருங்கள்.